விண்வெளி இழுவைக்கலத்துக்கு 10 கிலோவாட் சூரியக் குவிப்பான்: 500 மடங்கு தாங்குமா?

#1 பரவளையன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வடிவமைப்புப் பயிற்சியில் இருக்கிறேன். தாழ் சுற்றுப்பாதையில் இறக்கிவிடப்படும் செயற்கைக்கோளை அயனி எஞ்சினால் மெதுவாகப் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு இழுத்துச் செல்லும் கலம். அதற்கு 10 கிலோவாட் மின்திறன் வேண்டும்.

எல்லோரும் செய்வதுபோல் பேனலைப் பரப்பாமல், குவிப்பான் வைக்கலாம் என்று நினைக்கிறேன். 6 மீட்டர் விட்டமுள்ள பரவளைய ஆடி, அலுமினியம் பூசிய ஃபிலிமில். குவிப்பு விகிதம் 500, அதாவது செல்மேல் 500 மடங்கு ஒளி. குவியத்தில் மூன்று சந்தி (ஒளியின் வெவ்வேறு நிறங்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு) காலியம் ஆர்சனைடு வகை சோலார் செல்கள். சூரியனிடமிருந்து சதுர மீட்டருக்கு 1361 வாட் வருகிறது. ஆடி, செல் இரண்டின் இழப்பையும் கழித்தால் சுமார் 29 சதுர மீட்டர் ஆடி போதும். செல்லின் பரப்போ பக்கத்துக்கு 24 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம்தான்! விலை உயர்ந்த சரக்கை 500இல் ஒரு பங்காகக் குறைத்துவிடலாம்.

இவ்வளவு லாபம் கண்ணுக்குத் தெரியும்போது ஏன் யாரும் செய்யவில்லை? 1000 மடங்குக்குப் போகலாமா என்றும் யோசனை இருக்கிறது.

#2 நிழல்வட்டம்

தெரியாமல்தான் கேட்கிறேன், வெளியே அவ்வளவு குளிர். செல் சூடானால் தானாக ஆறிவிடாதா? தரையில் குவிப்பான் வைத்தால் விசிறி, தண்ணீர் என்று படாதபாடு படுகிறார்கள். அங்கே அந்தத் தொல்லை இல்லையே?

#3 வெப்பக்கணக்கு

தொல்லை அங்கேதான் அதிகம். விண்வெளி குளிர்ந்த இடம் என்பதைவிட, வெப்பத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாத இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தெர்மாஸ் குடுவையின் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருப்பதும் வெற்றிடம்தான். காற்று இல்லை, எனவே வெப்பச்சலனம் இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே வெப்பம் வெளியேற முடியும். அதுவும் பரப்பையும், கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கையும் பொறுத்தது.

பரவளையன் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். செல்மேல் விழுவது சுமார் 33 கிலோவாட். 10 மின்சாரமாகப் போகிறது. மீதி 23 கிலோவாட் வெப்பம், 24 சென்டிமீட்டர் சதுரத் தகட்டில். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட். அந்தத் தகட்டைத் தன்போக்கில் இரண்டு பக்கமும் கதிர்வீச விட்டால், அது 1400 கெல்வினில் போய்த்தான் சமநிலைக்கு வரும். அதற்கு வெகு முன்பே செல் மின்சாரம் தருவதை நிறுத்தியிருக்கும். அந்த 10 கிலோவாட்டும் வெப்பமாகச் சேர்ந்துகொள்ள, 1500 கெல்வினைத் தாண்டிவிடும். செல்லின் அடித்தளமான ஜெர்மானியம் 938 டிகிரி செல்சியஸில் உருகும். ஆக, மிஞ்சுவது ஒரு துளி உலோகம்.

சரி, ரேடியேட்டர் வைப்போம். செல்லை 80 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் கதிர்வீசும் ரேடியேட்டர் சுமார் 16 சதுர மீட்டர் வேண்டும். அதன் விளிம்பு சூரியனைப் பார்த்தபடி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வெயில் வாங்கும். 24 சென்டிமீட்டர் தகட்டிலிருந்து 16 சதுர மீட்டருக்கு வெப்பத்தைக் கொண்டுபோக பம்பு வைத்த திரவச் சுற்று.

இப்போது கூட்டிப் பாருங்கள். 29 சதுர மீட்டர் ஆடி, 16 சதுர மீட்டர் ரேடியேட்டர், பம்பு, குழாய். இதே செல்களைக் குவிப்பே இல்லாமல் தட்டையாகப் பரப்பினால் இடைவெளிகளோடு சேர்த்து 27 சதுர மீட்டர். பேனலின் முதுகே அதற்கு ரேடியேட்டர்.

#4 பரவளையன்

கணக்கு புரிகிறது. ஆனால் எடையைப் பாருங்கள். ஃபிலிம் ஆடி சதுர மீட்டருக்குச் சில நூறு கிராமுக்குள் வந்துவிடும். பம்பு வேண்டாமென்றால் அம்மோனியா ஹீட் பைப் (உள்ளே அம்மோனியா ஆவியாகிக் குளிர்ந்து, பம்பு இல்லாமலே வெப்பத்தைக் கடத்தும் குழாய்) இருக்கிறது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களில் அது அன்றாடப் பொருள்.

இன்னொன்று: செல்லே வேண்டாம் என்றால்? குவித்த வெப்பத்தில் டர்பைனோ ஸ்டர்லிங் எஞ்சினோ ஓட்டினால் 1000 கெல்வின் நமக்கு எதிரி இல்லையே.

#5 கெப்ளர்தாசன்

அந்தப் பாதையில் ஏற்கெனவே நிறையத் தூரம் நடந்திருக்கிறார்கள். 1980களில் அமெரிக்கா திட்டமிட்ட ஃப்ரீடம் விண்வெளி நிலையத்துக்குப் பின்னாளில் சேர்ப்பதாக இருந்தது இதுதான். பரவளையக் குவிப்பான், குவியத்தில் வெப்ப வாங்கி, பிரேட்டன் சுழற்சியில் (வாயுவை அமுக்கி, சூடாக்கி, விரியவிடும் சுழற்சி) ஓடும் டர்பைன். வாங்கிக்குள் லித்தியம் ஃப்ளூரைடும் கால்சியம் ஃப்ளூரைடும் கலந்த உப்பு. அது 767 டிகிரியில் உருகும். தாழ் சுற்றுப்பாதையில் 90 நிமிடச் சுற்றில் 35 நிமிடம் வரை பூமியின் நிழல். வெயிலில் உருகிய உப்பு நிழலில் உறைந்து வெப்பத்தைத் திருப்பித் தரும், டர்பைன் நிற்காமல் ஓடும். பேட்டரியே தேவைப்படாது என்பதுதான் அதன் கவர்ச்சி. 1990களின் நடுவில் நாசாவின் லூயிஸ் மையத்தில் 2 கிலோவாட் முழு அமைப்பையும் வெற்றிட அறைக்குள் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். உள்ளே சுழன்றது ஹீலியம், செனான் கலவை. பிறகு மிர் நிலையத்தில் பறக்கவிட ரஷ்யாவோடு சேர்ந்து போட்ட திட்டம் நிறைவேறவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தட்டைப் பேனல்களே போயின.

வெப்ப எஞ்சினிலும் ரேடியேட்டர் விடாது, தம்பி. தரையில் கழிவு வெப்பத்தை முடிந்த அளவு குளிர்ந்த இடத்தில் விடுவோம், மாற்றுத்திறன் கூடும். விண்வெளியில் குளிர்ந்த முனையை மேலும் குளிர்வித்தால் ரேடியேட்டர் பரப்பு நான்காம் அடுக்கில் வீங்கும். ரேடியேட்டரின் ஒரு சதுர மீட்டருக்கு அதிக வேலை கிடைக்க வேண்டுமென்றால், குளிர்முனை சூடுமுனையின் முக்கால் பங்கில் இருக்க வேண்டும். வகைநுண்கணிதம் தெரிந்தவர்கள் இரண்டு வரியில் வருவித்துப் பார்க்கலாம். 1040 கெல்வின் உப்பு என்றால் குளிர்முனை 780 கெல்வின். அப்போது கார்னோ எல்லையே, அதாவது எந்த வெப்ப எஞ்சினும் தாண்ட முடியாத உச்ச மாற்றுத்திறனே, 25 சதவீதம்தான். நடைமுறையில் இன்னும் கீழே. செல் 30 சதவீதம் தரும்போது இந்த இயந்திரத்தை யார் தூக்கிச் சுமப்பார்கள்? ரேடியேட்டரைப் பெரிதாக்கி மாற்றுத்திறனைக் கூட்டலாம், அப்படித்தான் செய்தார்கள். எடை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிலையம், நூற்றுக்கணக்கான கிலோவாட் என்றால் எனக்கு இதில் இன்னும் நம்பிக்கை உண்டு. 10 கிலோவாட் இழுவைக்கலத்துக்கு இல்லை.

#6 மூன்றாம்சந்தி

செல் பக்கமிருந்து சொல்கிறேன்.

குவித்தால் செல்லுக்கு ஒரு நன்மை உண்டு என்பது உண்மை. மின்னோட்டம் ஒளியோடு நேராக ஏறும், மின்னழுத்தம் மடக்கைப்படி ஏறும். ஒவ்வொரு சந்திக்கும் பத்து மடங்கு ஒளிக்குச் சுமார் 60 மில்லிவோல்ட். மூன்று சந்திக்கு 180 மில்லிவோல்ட், மொத்தம் 2.6 வோல்ட்டில். 7 சதவீத முன்னேற்றம் இலவசமாக வருகிறது. ஆனால் வெப்பநிலை ஏறினால் டிகிரிக்கு 6 மில்லிவோல்ட் வீதம் கரையும். 30 டிகிரி கூடுதல் சூட்டில் அந்த லாபம் போயே போச்சு.

பரவளையன் யோசிக்காத இடம் வேறு ஒன்று இருக்கிறது. 6 மீட்டர் ஆடிக்கு 3.6 மீட்டர் குவியத் தூரம் வைத்தால், நல்ல பரவளையம் 24 சென்டிமீட்டர் தகடு முழுவதும் சீராக ஒளியைப் பரப்பாது. நடுவில் மூன்றரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் கொட்டிவிடும். அங்கே 500 அல்ல, ஆயிரக்கணக்கான மடங்கு. சுற்றியிருக்கும் செல்களில் இருட்டு. செல்களைத் தொடராக இணைக்கும்போது, மிகக் குறைவாக ஒளி வாங்கும் செல்தான் வரிசை முழுவதற்கும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும். நடுவில் இருப்பது பொசுங்கும், ஓரத்தில் இருப்பது வரிசையை முடக்கும்.

இதற்கு வழி, ஆடியைக் கெடுப்பதுதான். சற்றே குவியம் தள்ளி வைக்கலாம், ஆனால் ஓரங்கள் சீராக வராது. நான் செய்வதென்றால் 24 சென்டிமீட்டர் தட்டை ஆடித் துண்டுகள் 500க்கும் மேல் எடுத்து ஒவ்வொன்றையும் அதே தகட்டை நோக்கித் திருப்பி வைப்பேன். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய தன் அளவிலேயே ஒளிக்கட்டத்தைப் போடும். ஒன்றன்மேல் ஒன்று விழ, சீராக இருக்கும். ஆனால் அப்போது ஃபிலிமைச் சுருட்டி விரிக்கும் வசதி போய்விடும்.

#7 நிழல்வட்டம்

மூன்றரை சென்டிமீட்டர் வட்டம் எங்கிருந்து வந்தது? ஒளி ஒரு புள்ளியில் அல்லவா குவியும்?

#8 கெப்ளர்தாசன்

சூரியன் புள்ளியாக இருந்தால் குவியும். அது வானத்தில் அரை டிகிரிக்கு மேல் அகலம். ஆகவே பிம்பத்தின் அகலம், குவியத் தூரத்தில் ஏறக்குறைய 108இல் ஒரு பங்கு. 3.6 மீட்டருக்கு 3.3 சென்டிமீட்டர். எந்த வித்தையாலும் இதைத் தாண்ட முடியாது. பூமியின் தொலைவில் குவிப்புக்கு இருக்கும் உச்ச எல்லை 46,000 மடங்கு. அதற்கு மேல் போக முடிந்தால் சூரியனின் பரப்பைவிடச் சூடான பொருளைச் சூரிய ஒளியாலேயே உண்டாக்கலாம், இயற்கை அதை அனுமதிக்காது. ஒற்றைப் பரவளையமும் தட்டைத் தகடும் சேர்ந்தால் அந்த எல்லையில் கால் பங்குதான், 11,500. கோடாகக் குவிக்கும் வில்லைக்கோ தொட்டி வடிவ ஆடிக்கோ எல்லை 215.

1993 பிப்ரவரியில் ரஷ்யர்கள் ஸ்னாம்யா என்ற 20 மீட்டர் ஆடியைப் பிராக்ரஸ் சரக்குக் கலத்தில் விரித்து இரவில் பூமிமேல் வெளிச்சம் அடித்தார்கள். ஐரோப்பாவைக் கடந்து ஓடிய ஒளிவட்டம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் அகலம். ஆடி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த உயரத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குக் கீழே சுருக்க முடியாது. காரணம் இதே 108தான்.

#9 திருகாணி

நான் பொறிமுறை ஆள். மேலே எல்லோரும் ஆடி ஏற்கெனவே விரிந்து, சூரியனைச் சரியாகப் பார்த்துக்கொண்டு நிற்பதாகவே பேசுகிறீர்கள்.

6 மீட்டர் ஆடி ராக்கெட்டின் மூக்குக்கூம்புக்குள் விரித்தபடி போகாது. மடித்துத்தான் போக வேண்டும். 1996 மே மாதம் விண்வெளி ஓடத்திலிருந்து 14 மீட்டர் ஊதிப் பெருக்கும் பிரதிபலிப்பான் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள், எஸ்டிஎஸ் 77 பயணத்தில். விரிந்தது, ஆனால் எதிர்பார்த்த ஒழுங்கில் விரியவில்லை. கடைசியில் நினைத்த உருவத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்னாம்யாவின் அடுத்த ஆடி, 25 மீட்டர், 1999இல் விரியும்போதே கலத்தின் ஆன்டெனாவில் சிக்கிக் கிழிந்தது. தட்டையாக விரிவது ஒரு கலை என்றால், வளைந்து துல்லியமாக விரிவது வேறு கலை.

துல்லியம் என்று சொல்லும்போது இதையும் கவனியுங்கள்: ஆடியின் பரப்பு ஒரு மில்லிரேடியன் சாய்ந்தால் கதிர் இரண்டு மில்லிரேடியன் விலகும். பிழை இரட்டிப்பு. வெயிலில் ஒரு பக்கம் சூடாகி, நிழலுக்குள் போகும்போது சுருங்கி, எஞ்சின் அதிர்வில் குலுங்கி, இந்தப் பரப்பு நிலையாக நிற்க வேண்டும்.

அப்புறம் திசை. தட்டைப் பேனல் சூரியனிடமிருந்து 10 டிகிரி விலகினால் ஒன்றரை சதவீதம் இழப்பு. 30 டிகிரி விலகினாலும் 87 சதவீதம் வருகிறது. உங்கள் 500 மடங்கு குவிப்பான் 2 டிகிரி விலகினால் பூஜ்யம். பூஜ்யம்கூடப் பரவாயில்லை, அந்த 33 கிலோவாட் கற்றை செல்லை விட்டு நகர்ந்து எதன்மேல் விழும்? தாங்கும் தண்டின்மேல், கம்பிகளின்மேல். கலம் எப்போதாவது நிலைதடுமாறிப் பாதுகாப்பு நிலைக்குப் போகத்தான் போகிறது. அந்த நேரத்தில்தான் மின்சாரம் மிக அவசியம். அப்போது கை விரிக்கும் மின்மூலத்தை நான் கலத்தில் ஏற்றவே மாட்டேன். தலைமைப் பொறியாளர் எவராக இருந்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்.

#10 பரவளையன்

திசைப் பிழையைச் சின்னத் தட்டைப் பேனல் ஒன்றை அவசரத்துக்கு வைத்துச் சமாளிக்கலாம். கற்றை நகரும் பாதையில் வெப்பம் தாங்கும் வளையம் போடலாம். தடுக்க முடியாத சிக்கலாக இதை நான் பார்க்கவில்லை. வெப்பம்தான் உறுத்துகிறது.

விண்வெளியில் குவிப்பான் உண்மையிலேயே பறந்து வேலை செய்த உதாரணம் ஒன்றாவது உண்டா?

#11 மூன்றாம்சந்தி

உண்டு. நல்லது ஒன்று, கெட்டது ஒன்று.

நல்லது டீப் ஸ்பேஸ் 1. 1998 அக்டோபரில் கிளம்பிய கலம். அதன் மின்சாரம் முழுவதும் ஸ்கார்லெட் என்ற குவிப்பான் தொகுப்பிலிருந்து. சிலிக்கோனால் செய்த 720 ஃபிரெனெல் வில்லைகள் (வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய வில்லைகள்), கீழே 3600 செல்கள், மொத்தம் 2.5 கிலோவாட். குவிப்பு விகிதம் பத்துக்குக் கீழே. உங்களைப்போலவே அயனி எஞ்சின். அதில்தான் பிரெய்ல் சிறுகோளையும், 2001இல் போரெலி வால்நட்சத்திரத்தையும் போய்ப் பார்த்தது. 1999 நவம்பரில் அதன் நட்சத்திர உணரி செத்துப்போனது. 2000 ஜூனில் புது மென்பொருள் ஏற்றி அறிவியல் கேமராவையே திசைகாட்டியாக மாற்றினார்கள். குவிப்பானை நம்பிய கலம் அந்த மாதங்களையும் தாண்டி வந்தது. திருகாணி இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கெட்டது போயிங் 702 வகைத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள். 1999 இறுதியிலிருந்து ஏவப்பட்ட முதல் சிலவற்றில் பேனலின் இரு ஓரங்களிலும் சாய்வாகப் பிரதிபலிப்புத் தாள்கள் இருந்தன. குவிப்பு இரண்டு மடங்கைக்கூட எட்டாது. மிக எளிமையான அமைப்பு, எந்தத் துல்லியமும் தேவையில்லை. ஆனால் அந்தத் தாள்கள் நாளாக ஆக மங்கி, மின்திறன் கணித்ததைவிட வேகமாகச் சரிந்தது. பசை, பிளாஸ்டிக் இவற்றிலிருந்து கசியும் ஆவி குளிர்ந்த பரப்பில் படியும். புற ஊதா ஒளி அதைச் சுட்டுப் பழுப்புப் படலமாக ஒட்ட வைக்கும். காப்பீட்டுக் கோரிக்கைகள் வரை போனது விஷயம். பிறகு வந்த 702களில் அந்தத் தாள்களே இல்லை.

இது துறையின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது என்பது என் எண்ணம். குவிப்பான் என்றாலே கொள்முதல் செய்பவர் முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

#12 வெப்பக்கணக்கு

ஸ்கார்லெட்டின் சூட்சுமத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், மூன்றாம்சந்தி. அதை ஏன் எனக்குப் பிடிக்கும் என்றால், அதில் வெப்பக் குழாயே கிடையாது.

8 சென்டிமீட்டர் அகல வில்லை, அதன் அடியில் 1 சென்டிமீட்டர் அகலச் செல் பட்டை என்று வைத்துக்கொள்வோம். செல்லை ஒட்டியிருக்கும் பின்தாளும் 8 சென்டிமீட்டர் அகலம். செல்லில் விளையும் வெப்பம் பக்கத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் நடந்தால் போதும், மெல்லிய கார்பன் இழைத் தாளோ அலுமினியத் தாளோ அதைச் சமாளிக்கும். ஒளி பிடிக்கும் பரப்பும் வெப்பம் விடும் பரப்பும் சமம். ஆகவே செல், தட்டைப் பேனலை ஒட்டிய வெப்பநிலையிலேயே இருக்கும்.

பரவளையனின் ஒற்றை ஆடியிலும் குவிப்பு விகிதம் அல்ல வில்லன். வெப்பத்தை 24 சென்டிமீட்டர் தகட்டில் மொத்தமாகச் சேர்த்துவிட்டு, பிறகு மீட்டர் கணக்கில் திரும்பப் பரப்புவதுதான் வில்லன். அதே 500 மடங்கை, ஒரு மில்லிமீட்டர் செல்லும் இரண்டேகால் சென்டிமீட்டர் வில்லையுமாக ஆயிரக்கணக்கில் சிதறடித்தால் என் ஆட்சேபம் பெரும்பாலும் போய்விடும். திருகாணியின் ஆட்சேபம் போகாது.

#13 திருகாணி

போகாது. இன்னும் மோசமாகும். அத்தனை ஆயிரம் வில்லைகளையும் ஒரே திசையில் பார்க்க வைக்கப் பேனல் துளியும் வளையக் கூடாது.

கோடாகக் குவிக்கும் 8 மடங்கு வில்லை என்றால் எனக்குச் சம்மதம். ஒரு அச்சில் 2 டிகிரி வரை பொறுக்கும், செல் பட்டையின் நீளவாக்கில் அதைவிட நிறைய. வில்லையை வளைவாகச் செய்து, ஒளி உள்ளே நுழையும்போது பாதி, வெளியேறும்போது பாதி என்று திருப்பத்தைச் சமமாகப் பிரித்தால், வடிவத்தில் வரும் சிறு கோணல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆடியில் இரட்டிப்பாகும் பிழை இங்கே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆடியா வில்லையா என்று கேட்டால், விரித்துப் பரப்பும் அமைப்பில் நான் வில்லை பக்கம்.

#14 கெப்ளர்தாசன்

எல்லாம் சரி. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பரப்பு மிச்சமில்லை, வெப்பம் அதே அளவு, திசைக் கட்டுப்பாடு கூடுதல். தட்டைப் பேனல்களோ சுருட்டி விரிக்கும் வகையில் மிக எடை குறைந்துவிட்டன. 2021 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே அப்படிப்பட்டவற்றைப் பொருத்துகிறார்கள். பிறகு 8 மடங்கு குவித்து என்ன கண்டோம்? செல் விலை மிச்சம் என்பது மட்டுமே பதில் என்றால், ஏவுதல் செலவுக்கு முன்னால் அது பெரிதாக நிற்காது.

என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கலம் போகும் வழியைப் பாருங்கள். அயனி எஞ்சினில் தாழ் சுற்றுப்பாதையிலிருந்து மேலே போவது சுருள் சுருளாக, மாதக்கணக்கில். வான் ஆலன் கதிர்ப்பட்டைகளுக்கு (பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய வேகமான துகள்களின் வளையங்கள்) உள்ளேயே அந்தக் காலத்தின் பெரும்பகுதி. ஐரோப்பாவின் ஸ்மார்ட் 1 இப்படித்தான் 2003 செப்டம்பரில் கிளம்பி 2004 நவம்பரில் நிலவை அடைந்தது. பட்டைகளில் உள்ள புரோட்டான்கள் செல்லின் படிக அமைப்பைக் குத்திக் கெடுக்கும். ஒரு முறை மேலே போய்விட்டு நின்றுவிடும் கலமென்றால் கொஞ்சம் கூடுதல் பேனல் வைத்துச் சமாளிக்கலாம். இழுவைக்கலம் திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டியது.

செல்லைக் காப்பது அதன்மேல் ஒட்டும் கண்ணாடித் தகடு. 27 சதுர மீட்டர் செல்லுக்கு 0.1 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் 7 கிலோ. அரை மில்லிமீட்டர் போட்டால் 35 கிலோ. செல் பரப்பு எட்டில் ஒன்றாகச் சுருங்கினால், அதே அரை மில்லிமீட்டர் கண்ணாடி நாலரை கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. குவிப்பான் இங்கே சம்பாதிப்பது ஒளியை அல்ல, கவசத்தை.

1994 ஆகஸ்டில் ஏவப்பட்ட அபெக்ஸ் செயற்கைக்கோள் இதற்கென்றே கதிர்ப்பட்டைக்குள் பல வகைச் செல்களைக் கொண்டுபோய்ச் சோதித்தது. அதில் குட்டிக் கவிகை வில்லைகள் கொண்ட குவிப்பானும் இருந்தது, நன்றாகவே தாக்குப்பிடித்தது.

#15 நிழல்வட்டம்

அப்படியென்றால் சூரியனிலிருந்து தள்ளிப் போகும் கலங்களுக்கு? வியாழனில் வெளிச்சமே குறைவு, அங்கே குவிப்பான் கட்டாயம் இல்லையா? அதே போல விண்வெளியில் மின்சாரம் எடுத்து மைக்ரோவேவில் பூமிக்கு அனுப்பும் திட்டங்களின் படங்களிலும் பெரிய பெரிய ஆடிகளைப் பார்க்கிறேன்.

#16 கெப்ளர்தாசன்

வியாழன்: சதுர மீட்டருக்கு 50 வாட், இங்கே இருப்பதில் 27இல் ஒரு பங்கு. நாசாவின் ஜூனோ கலம் குவிப்பான் இல்லாமலேயே போனது. மூன்று பெரிய இறக்கைகள், பூமியருகே 14 கிலோவாட் தரக்கூடியவை, அங்கே தந்தது சுமார் 500 வாட். மங்கலான ஒளியும் கடுங்குளிரும் சேர்ந்தால் சில செல்கள் காரணமில்லாமல் சோர்ந்துபோகும். ஒவ்வொன்றாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குவித்தால் அந்தச் சோர்வு போகும், வெப்பப் பிரச்சினையும் இல்லை. சிறுகோளில் மோதிய டார்ட் கலத்தின் பேனலில் ஒரு சிறு பகுதியைப் பிரதிபலிப்புக் குவிப்பானாக வைத்து ஏற்றியதும் இந்த நோக்கத்தில்தான். ஒரு சங்கடம்: தொலைதூரக் கலங்கள் வேகம் கூட்டிக்கொள்ள வெள்ளியருகே போய்வருவது உண்டு. அங்கே ஒளி இரண்டு மடங்கு. 25 மடங்கு குவிப்பானைத் திறந்தபடி கொண்டுபோனால் செல் கருகிவிடும்; அந்தக் காலம் முழுவதும் முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும்.

மைக்ரோவேவ் நிலையங்களில் ஆடி வருவதற்குக் காரணமே வேறு. புவிநிலைச் சுற்றுப்பாதையில் பேனல் சூரியனைப் பார்க்க வேண்டும், ஆன்டெனா பூமியைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் மூட்டு. அதன் வழியாக மொத்த மின்சாரமும் போக வேண்டும். 1970களின் இறுதியில் நாசாவும் எரிசக்தித் துறையும் ஆராய்ந்த மாதிரி 5 கிகாவாட். அந்த அளவு மின்சாரத்தைச் சறுக்கு வளையத்தில் கடத்துவதை நினைத்தாலே வயிறு கலங்கும். ஆடிகளை மட்டும் திருப்பி, செல்லையும் ஆன்டெனாவையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் அந்த மூட்டே வேண்டாம். சீனாவின் ஒமேகா வடிவமைப்பு பிரதிபலிப்பானைக் கோளமாக்கியதும் அதற்காகத்தான்: கோளத்துக்கு எந்தத் திசையும் ஒன்றுதான், சூரியன் எங்கே இருந்தாலும் உள்ளே இருக்கும் செல் பட்டை மட்டும் நகர்ந்தால் போதும். அந்தப் பேச்சுக்குத் தனி இழை திறக்கலாம், இங்கே வேண்டாம்.

#17 பரவளையன்

வடிவமைப்பை இப்படித் திருப்பியிருக்கிறேன்.

கோடாகக் குவிக்கும் வளைவான சிலிக்கோன் ஃபிரெனெல் வில்லை, 8 மடங்கு. வில்லையில் 10 சதவீத இழப்பு வைத்தால் 27 சதுர மீட்டர் முகப்பு, சுமார் 3.4 சதுர மீட்டர் செல், அரை மில்லிமீட்டர் கண்ணாடி. இரண்டு இறக்கை. செல் பட்டையின் நீளவாக்கு எந்த அச்சில் வர வேண்டும் என்பதில் திருகாணி சொன்னதைப் பயன்படுத்திக்கொண்டேன்: எஞ்சின் திசையால் எந்த அச்சில் கலம் அதிகம் தள்ளாடுமோ அந்தப் பக்கம் பொறுமையான அச்சை வைத்திருக்கிறேன். நுனியில் ஒரு பேனல் மட்டும் வில்லை இல்லாமல் தட்டையாக, பாதுகாப்பு நிலைக்கு.

500 மடங்கு ஆசையை முழுவதும் விட்டுவிடவில்லை, வெப்பக்கணக்கு சொன்ன மில்லிமீட்டர் செல் வழியில் பிறகு வருவேன். இதில் என்ன ஓட்டை இருக்கிறது?

#18 திருகாணி

மூன்று இருக்கின்றன.

நிழல். புவிநிலையை நெருங்கும்போது, சம இரவு நாட்களை ஒட்டி 72 நிமிடம் வரை நிழல் வரும். வில்லை மிக மெல்லியது, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் எடை அதற்கு இல்லை. சிலிக்கோன் மைனஸ் 120 டிகிரியை ஒட்டிக் கண்ணாடிபோல் விறைத்துவிடும். அந்த நிலையில் இழுத்துக் கட்டியிருந்தால் கிழியும், தளர்வாக இருந்தால் வடிவம் போகும்.

எஞ்சின் புகை. செனான் அயனிகள் பக்கவாட்டில் கொஞ்சம் சிதறும். தட்டைப் பேனலில் கண்ணாடி அதை வாங்கிக்கொள்ளும். உங்களுக்கு முன்னால் நிற்பது மெல்லிய ரப்பர். எஞ்சினுக்கு அருகே முதல் சில மீட்டர் இறக்கையை வெறும் தண்டாக விடுங்கள்.

தாழ் சுற்றுப்பாதையில் அணு ஆக்சிஜன் (ஒற்றை அணுவாகத் திரிந்து பரப்பை அரிக்கும் ஆக்சிஜன்). அங்கே கொஞ்ச நாள்தான் என்றாலும் வில்லைக்கு மேல்பூச்சு இல்லாமல் போகாதீர்கள். அந்தப் பூச்சும் சிலிக்கோனும் ஒரே அளவில் சுருங்காது, வெடிப்பு விழும். நான் பார்த்தவரை இந்த மூன்றாவதுதான் அதிகம் பேரைப் படுத்தியது.

#19 மூன்றாம்சந்தி

சோதனை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. தட்டைப் பேனலைச் சாதாரண ஒளிவிளக்கில் சோதிக்கலாம். குவிப்பானுக்கு அது ஆகாது. விளக்கின் கதிர்கள் சூரியனைப்போல அரை டிகிரிக்குள் இணையாக வர வேண்டும், இல்லாவிட்டால் நல்ல வில்லையும் மோசமாகத் தெரியும். வெளியே வெயிலில் வைத்தால் கோணம் சரி, நிறமாலை தவறு: காற்றுமண்டலம் புற ஊதாவையும் அகச்சிவப்பின் சில பட்டைகளையும் தின்றுவிடும், மூன்று சந்திகளின் சமநிலை மாறிவிடும். ஆகவே இரண்டு சோதனைகள் தேவை. வெயிலில் வில்லையின் ஒளியியல், விளக்கில் செல்லின் மின்னியல். இரண்டையும் பெருக்கி விடை சொல்லும்போது, வில்லை வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு இடத்தில் குவிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செல் பட்டையின் ஓரத்தில் சிவப்பு மட்டும், நடுவில் நீலம் மட்டும் விழுந்தால் சந்திகள் ஒன்றுக்கொன்று இழுபறியாகும்.

#20 பரவளையன்

விறைப்பு பற்றி: வில்லையின் இரு முனை வளைவுகளையும் ஸ்பிரிங்கில் நிறுத்தி, சுருங்கும்போது உள்ளே வரவிட்டால்? நீளம் ஒரு பேனலுக்கு ஒன்றரை மீட்டர்.

#21 திருகாணி

சிலிக்கோன் உலோகத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் சுருங்கும். ஒன்றரை மீட்டரில், வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே 5, 6 சென்டிமீட்டர் வரை ஓடும். ஸ்பிரிங் அவ்வளவு தூரம் ஒரே இழுவிசையோடு நகர வேண்டும், சாதாரண சுருள் ஸ்பிரிங் தராது. வில்லையை 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். மேலே மெல்லிய கண்ணாடித் தாள் ஒட்டிச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்துவதும் உண்டு, ஆனால் அது ஏவும்போது நொறுங்கக்கூடியது. துண்டு நீளத்தை முடிவு செய்துவிட்டு ஸ்பிரிங் எண்ணைப் போடுங்கள், பார்க்கிறேன்.